கரஸ்ல படித்தால் செலவு குறைவா? யாருக்கு?

கேள்வி இது: வளரும் நாடுகளில் பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டுக்கொண்டு தொலைநிலைக் கல்வி (நம் பேச்சு வழக்கில் 'கரஸ்') நடத்துகின்றன. உண்மையிலேயே இதில் செலவு குறைகிறதா? கிடைக்கும் பலன் அந்தச் செலவுக்குத் தகுமா?

சுருக்கமாகச் சொன்னால் அரசுக்கு மலிவு, பல்கலைக்கழகத்துக்கு வருமானம், மாணவருக்கு மட்டும் ஆளைப் பொறுத்தது. வார இறுதிகளில் கல்வி மையத்தில் வகுப்பெடுத்து, அசைன்மென்ட் திருத்திய அனுபவம் இருப்பதால் இந்தியாவை, அதிலும் தமிழ்நாட்டை வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். மற்ற நாடுகளைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் தொட்டுக்கொள்கிறேன்.

இந்தியாவில் இது 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியோடு தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலை 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் ஆரம்பித்தன. 1982-இல் ஹைதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985-இல் இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அதே காலத்தில் பாகிஸ்தான் (1974), தாய்லாந்து (1978), இலங்கை (1980), இந்தோனேசியா (1984), வங்கதேசம் (1992) ஆகிய நாடுகளும் இதே வழியில் இறங்கின. எல்லா இடத்திலும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். பள்ளிக்கூடங்கள் பெருகிவிட்டன, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள், அத்தனை பேருக்கும் கல்லூரி கட்ட அரசிடம் காசு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்புகூட இந்தியாவில் உயர்கல்வியில் இருந்தவர்களில் ஒன்பதில் ஒருவர் தொலைநிலை மாணவர். 2020-21 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி மொத்தம் 4.14 கோடிப் பேர், அதில் 45.71 லட்சம் பேர் தொலைநிலையில். அவர்களில் 20.9 லட்சம் பேர் பெண்கள்.

சரி, மலிவு எங்கிருந்து வருகிறது? கல்லூரியில் அறுபது பேருக்கு ஒரு வகுப்பு என்றால், நூற்றிருபது பேர் சேர்ந்ததும் இன்னொரு அறையும் இன்னோர் ஆசிரியரும் வேண்டும். கரஸில் அப்படி இல்லை. பாடத்திட்டம் வகுப்பது, பாடநூல் எழுத வைப்பது, அதைச் சரிபார்ப்பது, அச்சுக்குத் தயார் செய்வது எல்லாம் ஒருமுறைச் செலவு. அதன் பிறகு ஆள் சேரச் சேர, அந்தச் செலவு தலைக்கு இவ்வளவு என்று கரைந்துகொண்டே போகும்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்களெல்லாம் கணக்கு புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை. ஒரு படிப்பை உருவாக்க 50 லட்சம் ரூபாய். அதன் பிறகு ஒவ்வொரு மாணவருக்கும் புத்தகம், தபால், விடைத்தாள் திருத்தம் என்று 2,000 ரூபாய். 500 பேர் சேர்ந்தால் தலைக்கு 12,000 ஆகிறது. 50,000 பேர் சேர்ந்தால் 2,100. கல்லூரியில் அதே படிப்புக்குத் தலைக்கு 12,000 என்று வைத்துக்கொண்டால், கரஸ் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குச் செலவில் முடிகிறது. மந்திரிகளுக்கும் நிதித்துறைக்கும் இந்தக் கணக்கு பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் இது சேர்ந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. முடித்தவர்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். கல்லூரியில் நூற்றுக்கு எண்பது பேர் பட்டம் வாங்குகிறார்கள் என்றால், ஒரு பட்டதாரிக்கு ஆன செலவு 15,000. கரஸில் நூற்றுக்கு முப்பது பேர்தான் கரையேறுகிறார்கள் என்றால் 7,000. ஆறு மடங்கு வித்தியாசம் இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. (பாதியில் நின்றவர் முழுச் செலவையும் வைக்கமாட்டார், அதனால் 7,000 என்பது கொஞ்சம் கூடுதல்தான். அதற்காகக் கணக்கின் போக்கு மாறிவிடாது.) இதற்கு அடுத்த படிதான் யாரும் போட்டுப் பார்க்காதது. ஒவ்வொரு மாணவருக்கும் கூடுதலாக 1,000 ரூபாய் ஒதுக்கி, நல்ல ஆசிரியர் வைத்து, போன் போட்டு விசாரித்து, அசைன்மென்டை உருப்படியாகத் திருத்திக் கொடுத்து, முப்பதை ஐம்பதாக்க முடிந்தால் ஒரு பட்டதாரிக்கு ஆகும் செலவு 6,200-தான். அதாவது, மாணவர் மேல் கூடச் செலவழித்தால் பட்டம் மலிவாகிறது. நம் ஊர்ப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராகத்தான் நடந்துகொள்கின்றன. செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் கத்தி விழுவது நேர்முக வகுப்புகள் மேல்தான்.

அந்த வகுப்புகள் எப்படி நடக்கின்றன என்று சொன்னால்தான் மாணவர்கள் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பது விளங்கும். பதிவேட்டில் அறுபது பெயர் இருக்கும், எதிரே பெஞ்சுக்கு ஒருவர் வீதம் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. உழைக்கிறவர்களுக்கு வசதி என்று நினைத்து வைத்த நாள். ஆனால் ஜவுளிக்கடையில், சூப்பர் மார்க்கெட்டில், ஹோட்டலில் வேலை பார்ப்பவருக்கு ஞாயிறுதான் வியாபார நாள், அன்றைக்கு லீவு கேட்டாலே முதலாளி முகம் மாறிவிடும். அவருடைய வாராந்தர ஓய்வு செவ்வாயோ புதனோ. ஆக, யாருக்காக இந்த ஏற்பாடோ அவரால் வர முடியாது. வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பதும் ஒரே கேள்வி: "சார், எக்ஸாமுக்கு எது இம்பார்ட்டன்ட்?" அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பி.காம். புள்ளியியல் பாடத்தைத் தனியாக உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துப் படிக்கச் சொன்னால் வாத்தியாருக்கே தலை சுற்றும்.

அசைன்மென்ட் கதை இன்னும் மோசம். இக்னோவில் அதற்கு முப்பது சதவீத மதிப்பெண், பருவ இறுதித் தேர்வுக்கு எழுபது. மாணவரும் ஆசிரியரும் காகிதத்திலாவது பேசிக்கொள்ள இருக்கும் ஒரே இடம் அதுதான். நடப்பில், மையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் எழுதித் தயாராக வைத்த விடைகள் விலைக்குக் கிடைக்கும். வரிசையாக இருபது அசைன்மென்டைத் திருத்தினால் இருபதிலும் ஒரே எடுத்துக்காட்டு, ஒரே எழுத்துப்பிழை. திருத்துகிறவருக்குக் கிடைப்பதும் தாளுக்குச் சில்லறைக் காசு. அவரும் ஒரு டிக் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அசைன்மென்ட் பெயரளவில் நடந்தது, மதிப்பெண் பதிவானது, கற்பித்தல் மட்டும் நடக்கவில்லை.

இப்போது மாணவரின் பக்கத்துச் செலவு. கட்டணம் அதில் சின்னப் பங்கு. தேர்வு ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு நாள், தினக்கூலிக்காரருக்கு ஐந்து பேப்பர் என்றால் ஐந்து நாள் சம்பளம் போயிற்று. தேர்வு மையம் பக்கத்து ஊரில் விழுந்தால் பஸ், சாப்பாடு தனி. பேப்பருக்கு இவ்வளவு என்று தேர்வுக் கட்டணம், அரியர் விழுந்தால் அதே கட்டணம் மறுபடியும். அச்சுப் புத்தகத்துக்குப் பதில் பி.டி.எஃப். என்று ஆகிவிட்ட பிறகு, பிரின்ட் எடுக்கும் காசும் மொபைல் டேட்டாவும் மாணவர் தலையில். கல்லூரிக்கு அரசு வைத்துக்கொடுத்த கட்டடம், மின்விளக்கு, நூலகம், ஆசிரியர் எல்லாவற்றுக்கும் இங்கே ஈடு, மாணவர் வீட்டு மூலையும் அவர் ராத்திரி நேரமும்.

அரசு மானியமும் அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அருமையான திட்டம். ஆனால் தொலைநிலையில், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படித்தால் கிடையாது. குடும்பச் சுமையால் கல்லூரிக்குப் போக முடியாமல் மில் வேலைக்குப் போய்க்கொண்டே பி.ஏ. படிக்கும் பெண், வகுப்புக்குப் போகும் பெண்ணைவிடக் கூடுதலாகத் தன் கைக்காசைப் போட்டுப் படிக்கிறாள். மோசடி நடக்கும் என்று பயந்து இந்த விலக்கை வைத்திருக்கலாம், நியாயமான பயம்தான். அதற்காக மொத்தமாகக் கதவை மூடியிருக்க வேண்டாம்.

இலங்கையில் இந்த முரண் இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைப் படிப்பு இலவசம், அனுமதிக்கான தரப்படுத்திய மதிப்பெண்ணான இசட் ஸ்கோரில் தேவையான அளவை எட்டியவர்களுக்கு மட்டும். எட்டாதவர்கள் நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகத்துக்குப் போனால் கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிடத் தெளிவு. அங்கே பொறியியல் பட்டம் தொலைநிலையில் உண்டு, இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அதை ஏற்கிறது. காரணம், ஆய்வகப் பயிற்சி கட்டாயம், அதற்கு இடமும் கருவியும் ஆளும் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆய்வகச் செலவு இல்லாமல் பொறியியல் பட்டம் கொடுக்கப் பார்த்தன. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நான்கு நிறுவனங்களின் தொலைநிலைப் பொறியியல் பட்டங்களில் கை வைத்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டு, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வு எழுதித் தேறினால் மட்டும் செல்லும் என்றானது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. வேலையில் சேர்ந்து பதவி உயர்வும் வாங்கியவர்கள் நாற்பது வயதில் உட்கார்ந்து பரீட்சை எழுதினார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கரஸே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதாக நினைக்காதீர்கள். பலன் பக்கத்தில் ஒரு பெரிய தொகை இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் மூன்று ஆண்டு சம்பளம் போகும். திருப்பூரில் மாதம் 12,000 சம்பாதிப்பவருக்கு அது 4,32,000 ரூபாய். எந்தக் கல்விக் கட்டணமும் அதன் பக்கத்தில் நிற்காது. வேலையை விடாமல் படிக்க முடிகிறது என்பதற்காக மட்டுமே கரஸ் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சாத்தியமான ஒரே வழி. கல்யாணமாகிப் படிப்பை நிறுத்திய பெண்களுக்கும் அப்படித்தான். குழந்தை பிறந்தால் ஒரு வருஷம் தள்ளிப்போட்டு அப்புறம் தொடரலாம். இக்னோவில் மூன்றாண்டு இளங்கலையை முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் இருந்தது. கல்லூரி அந்தச் சலுகையை யாருக்குக் கொடுக்கும்? சிறையில் இருப்பவர்களுக்கு இக்னோ இலவசம், திருநங்கைகளுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லை. இவற்றை லாப நஷ்டக் கணக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பொருளாதாரக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

பலன் பணமாகவே வந்தது யாருக்கு என்று கேட்டால், நம்மூரில் ஆசிரியர்களுக்குத்தான். இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, கரஸில் பி.ஏ., அப்புறம் பி.எட்., அப்புறம் எம்.ஏ. முடித்தால் பதவி உயர்வுக்குத் தகுதி, கூடவே ஊக்க ஊதிய உயர்வு. அந்த உயர்வு ஓய்வு பெறும்வரை சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டு வரும், ஓய்வூதியத்திலும் எதிரொலிக்கும். சில ஆயிரம் ரூபாய்க் கட்டணத்துக்கு இவ்வளவு வருமானம் தரும் முதலீடு வேறு எங்கும் இல்லை. மதுரை, அண்ணாமலைப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்ததற்கு அறிவுத் தாகம் மட்டும் காரணமில்லை. 2020 மார்ச்சில் தமிழக அரசு இந்த முன் ஊக்க ஊதிய உயர்வு முறையையே ரத்து செய்தது. பாடத்தில் ஓர் எழுத்து மாறவில்லை, ஓர் அரசாணையில் அந்தப் பட்டத்தின் பணமதிப்பு இறங்கிவிட்டது. வளரும் நாடுகளில் தொலைநிலைப் பட்டத்தின் பலன் பெரும்பாலும் இப்படித்தான், அரசு விதியில் இருக்கிறது. தனியார் கம்பெனியில் ஹெச்.ஆர். முன்னால் அதன் எடை எப்போதும் கொஞ்சம் குறைச்சல்தான்.

விதியைச் சார்ந்த பலன் என்றால் விதி மாறும் அபாயமும் மாணவருடையதே. ஒரு காலத்தில் பத்தாவதோ பிளஸ் டூவோ இல்லாமலே திறந்தநிலையில் நேரடியாகப் பட்டம் வாங்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். 2009-இல், அடிப்படைப் பட்டம் இல்லாமல் வாங்கிய எம்.ஏ. அரசுப் பதவிக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு தமிழக அரசும் பத்து, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசு வேலைக்கு ஏற்போம் என்று ஆணை போட்டது. நம்பிப் படித்தவர்கள் டி.என்.பி.எஸ்.சி. வாசலில் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றார்கள். 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைநிலைக்கான அங்கீகாரம் 2014-15 வரைதான் இருந்தது என்று பொது அறிவிப்பு விட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! இது நமக்கு மட்டும் வந்த வினையும் இல்லை. நைஜீரியாவின் தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர்களை வக்கீல் பயிற்சிக்கான அந்நாட்டுச் சட்டப்பள்ளி ஏற்க மறுத்து, கடைசியில் பல்கலைக்கழகச் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

பல்கலைக்கழகங்கள் ஏன் இவ்வளவு அவசரப்பட்டன? காசு. அரசு மானியம் போதாத பல்கலைக்கழகத்துக்குக் கரஸ் மாணவர் கட்டும் பணம்தான் கையில் புரளும் பணம். வெளிமாநிலங்களில் எல்லாம் மையம் திறந்து, ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுத்துச் சேர்த்தார்கள். 2013-இல் எல்லை தாண்டி மையம் நடத்தக் கூடாது என்று மானியக் குழு கண்டித்துச் சொன்னதும் அந்தக் குழாய் அடைபட்டது. மில் தொழிலாளியும் சத்துணவுப் பணியாளரும் கட்டிய பணம் வளாகத்தில் இருப்பவர்களின் சம்பளத்தைத் தாங்கியது, பணம் கட்டியவர்களின் பாடநூல் மட்டும் பத்து வருஷம் திருத்தப்படாமல் கிடந்தது. எனக்கு இந்த விஷயத்தில் உள்ள பெரிய கோபம் இதுதான். ஏழையிடம் வாங்கி அவனைவிட வசதியானவனுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டை 'அனைவருக்கும் உயர்கல்வி' என்ற பெயரில் நடத்தினார்கள்.

ஆன்லைன் வந்ததும் நிலைமை மாறியதா? டேட்டா மலிவானது, வீடியோ வகுப்பும் வந்தது, உண்மை. இக்னோவின் பாடங்கள் இணையத்தில் யாருக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஆங்கிலமும் இந்தியும், தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு இலவசமாகக் கொடுத்தும் பயனில்லை. இன்னொரு பக்கம் தனியார் பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் எம்.பி.ஏ. லட்சத்தைத் தாண்டுகிறது, இ.எம்.ஐ. போட்டுத் தருகிறார்கள், ஒரு முறை நம்பரைக் கொடுத்தால் மூன்று மாதம் போன் அடங்காது. அறுபது பேருக்குப் பதில் ஆயிரம் பேருக்கு அதே வீடியோவைப் போட்டும் விலை குறையவில்லை என்றால், மிச்சமான பணம் விளம்பரத்துக்குப் போகிறது என்று அர்த்தம்.

ஆகவே தகுமா என்ற கேள்விக்கு என் பதில்: ஏற்கெனவே வேலையில் இருந்து, இந்தப் பட்டம் எதற்கு என்று தெரிந்து சேர்கிறவருக்குத் தாராளமாகத் தகும். இடம் கிடைக்கவில்லை, சும்மா இருக்க வேண்டாம் என்று பதினெட்டு வயதுப் பையனைச் சேர்த்துவிடுவது பெரும்பாலும் வீண். தனியாகப் படிக்கும் பழக்கம் அந்த வயதில் வாய்த்தவர்கள் குறைவு, முதல் ஆண்டு அரியரோடு நின்றுவிடுவார்கள். பக்கத்து ஊரில் அரசுக் கலைக்கல்லூரி இருந்தால் பிடித்த பாடம் இல்லாவிட்டாலும் அங்கே போடுங்கள்.

சேர்வதென்று முடிவு செய்துவிட்டால் சில விஷயங்கள். தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று மானியக் குழுவின் 2020 விதிமுறைகள் சொல்கின்றன, ஆனால் அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு மட்டும். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது, நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு, சேரும் அந்தக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டி.இ.பி.யின் இணையதளத்தில் பாருங்கள். 2024 முதல் சேர்க்கைக்கு முன் அந்த இணையதளத்தில் டி.இ.பி. ஐ.டி. என்ற அடையாள எண் எடுக்க வேண்டும், அதை நீங்களே எடுங்கள், இடைத்தரகரிடம் ஆதாரைக் கொடுக்காதீர்கள். பணத்தைப் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அரசு வேலைதான் இலக்கு என்றால் பிளஸ் டூ சான்றிதழ் கையில் இல்லாமல் பட்டத்தில் இறங்க வேண்டாம். கடைசியாக, அந்த ஜெராக்ஸ் கடை அசைன்மென்டை வாங்காதீர்கள். நீங்கள் கட்டும் பணத்துக்கு ஓர் ஆசிரியர் உங்கள் எழுத்தைப் பார்க்க வேண்டிய கடமை இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். திருத்தாமல் டிக் மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தால், மையத்தில் போய் ஏன் என்று கேளுங்கள்.